கேத்தியின் குறிப்பேடுகள்

லெந்து நாட்கள் தொடங்கும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்து, அன்று வாசித்த வேதப் பகுதியையும் அது தன்னிடம் கேட்ட கேள்வியையும் எழுதிவைக்கும் பழக்கம் அண்மையில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தன்னம்பிக்கை நூல்களின் வழியாகச் சபைக்குள் நுழைந்த புதுமை என்றும் சொல்கிறார்கள். நீலகிரியின் எழுத்து வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. இந்த மலையைப் பற்றிய பழைய எழுத்துகளில் கணிசமான பகுதி, வேதத்தின் முன் உட்கார்ந்து தம் நாளைக் கணக்குப் பார்த்தவர்களின் கையிலிருந்து வந்தது. ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து மலைவாழ் மக்களான தோடரையும் படுகரையும் பற்றிய செய்திகளை எடுத்துக்கொண்டு, பக்தியை உமி போல ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பக்திப் பழக்கம் இல்லையென்றால் செய்தியும் கிடைத்திருக்காது என்பதே என் வாதம்.

இந்தப் பழக்கத்தின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள். வேதத்தை வாசிப்பது, அதை வைத்துத் தன்னைச் சோதிப்பது, சோதித்ததை எழுதுவது ஆகிய மூன்றும் அந்த இயக்கத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. தரங்கம்பாடியில் எழுதப்பட்ட நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1710 முதல் ஹாலேயில் அச்சாகி வந்தன. திருவிருந்தில் பங்குபெறுமுன் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே சோதித்தறிய வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன அறிவுரையே இந்தப் பழக்கத்துக்கு அடிப்படை. திருவிருந்துக்கு முந்தின நாள் மாலையில் நடக்கும் ஆயத்த ஆராதனை அதே அறிவுரையைச் சபை முழுவதற்கும் உரியதாக்கியது. திருநெல்வேலிச் சீமையில் இந்த மரபு தமிழர் கைக்கு வந்தது. பாளையங்கோட்டையில் பணிசெய்த மிஷனரி ரேனியஸின் நாட்குறிப்புப் பகுதிகள் 1841இல் நூலாயின. உபதேசியார் சவரிராயபிள்ளை (1801–1874) தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். எழுதிச் சிந்திப்பது வெள்ளையருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு அவரே சான்று.

நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் விவரிப்பும் ஒரு துறவியின் கடிதம்தான். 1603இல் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து மலையேறிய இயேசு சபைக் குரு பெனிசியோ, தோடரைச் சந்தித்துத் தம் மேலாளருக்கு எழுதினார். தொடர்ச்சியான எழுத்து கேத்திப் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி காசமேஜரின் ஆதரவோடு 1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் கால் ஊன்றியது. அந்த மிஷனின் பயிற்சிப் பள்ளியில் சேர விரும்பிய இளைஞர் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையையும் மனமாற்றத்தையும் தாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பணிக்களத்துக்கு வந்த பிறகும் காலாண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இப்படிப் பழகிய கைதான் பல ஆண்டுகள் படுகர் ஊர்களில் நடந்து திரிந்த அந்த மிஷனின் பணியாளர் மெட்ஸின் கை. மலைவாழ் மக்களைப் பற்றிய அவருடைய நூல் 1856இல் சென்னையில் வெளிவந்தபோது, அது ஒரு ஜெர்மன் மிஷனரியின் கரட்டுக் குறிப்புகளிலிருந்து உருவானது என்று தலைப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அவர் தம் மதத்தின் அளவுகோலால் பிறர் வழக்கங்களை எடைபோட்டார். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்றன்றைக்குக் கேட்டதை அன்றன்றைக்கே எழுதும் ஒழுங்கு இல்லாமல் அந்த நூல் பிறந்திருக்காது.

மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் உண்மையான சுயபரிசோதனை எப்படி இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்கொடையாளர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் பேனா தானாகவே வளையும். ஆனால் கேத்தியில் பெருமைப்படுத்திக் காட்ட அதிகம் இருக்கவில்லை. 1846இல் தொடங்கிய பணியில் முதல் படுகர் ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு வெறுங்கையோடு எழுதிக்கொண்டே இருப்பவர், தம் அழைப்பு மெய்தானா என்ற கேள்வியை வேதத்தின் முன் வைக்காமல் தப்ப முடியாது. பிறர் படிக்க எழுதியதாலேயே ஓர் எழுத்து பொய்யாகிவிடுவதில்லை. தோல்வியையும் ஒப்புக்கொள்ள வைக்கும் கட்டாயம் அதில் இருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. எழுத்தறிந்தவருக்கு மட்டுமே உரிய ஆயத்தம், எழுத வாய்ப்பே கிடைக்காத படுகரையும், சமவெளியிலிருந்து தோட்டங்களுக்கு வந்த கூலித் தொழிலாளரையும் வெளியே நிறுத்திவிடாதா? படுக மொழிக்கு அன்று தனி எழுத்து இல்லை. லூக்கா சுவிசேஷம் 1890இல் அம்மொழியில் வந்தபோதும் கன்னட எழுத்தில்தான் அச்சானது. எழுத்து இல்லாமலே ஆழமான ஆயத்தம் நடக்கும் என்பதைப் படுகர்களே காட்டுகிறார்கள். ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு விரதமிருந்து, வெள்ளை உடுத்தி, பேரகணி ஊருக்கு நடந்துபோகிறவர்களின் ஆயத்தம் உடலிலும் நினைவிலும் நடக்கிறது. மனனம் செய்த வசனத்தோடும் கீர்த்தனையோடும் நாளைத் தொடங்கிய தோட்டத் தொழிலாளியின் தியானமும் குறைந்ததல்ல. எனவே எழுத்தே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. நினைவு செய்ய முடியாத ஒன்றை அது செய்கிறது என்கிறேன். நமக்குச் சாதகமானதை நினைவு தக்கவைத்து மற்றதை நழுவவிடும். போன ஆண்டு லெந்துவில் எந்த வசனத்தின் முன் தயங்கினோம், யாரை மன்னிப்பதாகச் சொன்னோம் என்பதை ஏடு மாற்றாமல் வைத்திருக்கும். நமக்கு எதிராக நாமே அளித்த சாட்சி அது.

எழுதுகிறவர் தன்னையே சுற்றிச்சுற்றி வருவார், புண்ணியக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவார் என்ற எச்சரிக்கையும் உண்டு. இதற்கு மருந்து அந்தப் பழைய குறிப்பேடுகளிலேயே இருக்கிறது. சவரிராயபிள்ளையின் பக்கங்களில் அவருடைய உள்ளம் மட்டும் இல்லை, குடும்பமும் சபையும் ஊரும் இருக்கின்றன. வசனத்தின் வெளிச்சத்தில் தன்னைப் பார்த்தவர் அண்டை வீட்டாரையும் பார்க்க நேர்ந்தது. குறிப்பேடு எடுக்க நினைப்பவர் பின்பற்ற வேண்டிய அளவும் இதுதான்: வாசித்த பகுதி, அது எழுப்பிய கேள்வி, அந்தக் கேள்வி தொடும் மனிதர். இந்த அளவு நமக்குத் தெரிவதே பழைய ஏடுகள் தப்பியதால்தான். ஜெர்மானிய மிஷனரிகள் முதல் உலகப் போர்க் காலத்தில் மலையை விட்டு அகற்றப்பட்டார்கள். அவர்களுடைய தாள்கள் பாசல் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மலையிலேயே பிறந்து, வாசித்து, எழுதியவர்களின் ஏடுகளைத் தேடிக் காப்பது இங்குள்ள சபைகளின் பொறுப்பு. அவை சேர்ந்தால்தான் இந்த மரபின் வரலாறு மலைக்காரர்களின் குரலில் எழுதப்படும்.