உங்க பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டா? வாடகைக்கு இருக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது!

பொங்கல் லீவு முடிஞ்சு பாளையங்கோட்டைக்குத் திரும்புறீங்க. தோளில் பை, கையில் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா. பார்த்தா, கதவில் உங்க பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டு! போன் போட்டா, "பாக்கி வாடகையைக் கொடுத்துட்டு சாவியை வாங்கிக்கோங்க தம்பி" என்கிறார் வீட்டுக்கார அண்ணாச்சி. அவர் வீடு, அவர் பூட்டுறார்னு விட்டுடலாமா?

வேண்டாம். வாடகை பாக்கியே இருந்தாலும் அவர் அப்படிப் பூட்ட முடியாது.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ரெண்டு மாச வாடகை பாக்கின்னா, நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாசத்துக்குள் கட்டலைன்னா, வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். காலி பண்ணச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்தான். ஃபியூஸைப் பிடுங்குறது, தண்ணி மோட்டாரை நிறுத்துறதும் கூடாது. அப்படிச் செய்தா, உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் வாடகை அதிகாரிக்கு உண்டு.

டூப்ளிகேட் சாவி

இங்கேதான் சண்டையே. நெல்லை டவுன் பக்கத்து வளவு வீடுகளில் ஓனர் குடும்பமும் வாடகைக் குடும்பமும் ஒரே முற்றத்தில் புழங்கும். "நம்ம பிள்ளை வீடுதானே"ன்னு ஆச்சி சட்டுனு உள்ளே வந்துடுவாங்க. பாசம்தான், மறுக்கலை. ஆனா சாவி கையில் இருப்பது வேற, உள்ளே வரும் உரிமை வேற. ரிப்பேர் பார்க்கவோ, வீட்டின் நிலையைப் பார்க்கவோ வரணும்னா, 24 மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்தில் சொல்லணும். காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிடணும்.

அதுக்காக சாவியே தர மாட்டேன்னு அடம்பிடிக்காதீங்க. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கம் புகுந்தப்போ, ஊருக்குப் போயிருந்தவங்க வீட்டுச் சாமான்களைக் காப்பாத்த யாராவது ஒருத்தர் கதவைத் திறக்க வேண்டியிருந்திருக்கும்.

பூட்டை மாத்தலாமா? கதவு, ஜன்னல், அலமாரிப் பூட்டுகளை மாத்துறதை வாடகைதாரர் பொறுப்பில்தான் சட்டத்தின் அட்டவணை சேர்த்திருக்கு. செலவும் உங்களுதுதான்! மாத்தினதும் ஒரு வாட்ஸ்அப் தகவல் போட்டுடுங்க. கதவையே இடிச்சுப் பெருசாக்குறதுன்னா, எழுத்துபூர்வ சம்மதம் வேணும்.

பூட்டிட்டாங்க... இப்போ?

கோபத்தில் உடைக்காதீங்க. பூட்டை வீடியோ எடுங்க, மிரட்டல் மெசேஜை டெலிட் பண்ணாதீங்க, 100-க்குக் கூப்பிடுங்க. உரிமையோட போற இடத்துக்குப் போக விடாமத் தடுக்குறது குற்றம். போலீஸ் "இது சிவில் மேட்டர்"னு கையை விரிச்சா, சிவில் கோர்ட்டில் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். 1963-ம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவு அதுக்குத்தான். வெளியேத்தின நாளிலிருந்து ஆறு மாசத்துக்குள் வழக்கு போட்டாகணும். "அண்ணாச்சி மனசு மாறுவார்"னு காத்திருந்து அந்தக் கெடுவைத் தவற விட்டுடாதீங்க.

வாடகையை ஜிபே, பேங்க் வழியா கொடுங்க. நீங்க அங்கே குடியிருந்ததுக்கு அதுவே சாட்சி. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிஞ்சிருந்தா, இன்னும் பலம்.

சொல்லாமக் கொள்ளாமப் பூட்டிட்டு ஓடிப்போற வாடகைதாரர்களும் உண்டு. அப்பவும் ஓனர் தானா பூட்டை உடைக்காம, வாடகை நீதிமன்றம் வழியா போறதே அவருக்குப் பாதுகாப்பு. உள்ளே நகை இருந்துச்சுன்னு நாளைக்கு அவர் மேலேயே புகார் வரலாமே!