கோஷா ஆஸ்பத்திரி: ராணி பேரு, பெண்களுக்கு ஒரு வாசல்

1/ போன வாரம் ஆமத்தூர்ல பட்டாசு வேலைக்குப் போற அக்கா ஒருத்தர் வந்தாங்க. நெஞ்சுல தீக்காயம். மூணு நாளா வீட்டுல யாருக்கும் காட்டல. "பொம்பளை டாக்டர் இல்லையா சார்?"னு வாசல்லயே நின்னுட்டாங்க. நர்ஸ் அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தப்புறம்தான் புண்ணைக் காட்டினாங்க. சீழ் வச்சிருந்துச்சு.

2/ இந்தத் தயக்கத்துக்காகவே 140 வருஷம் முன்னாடி சென்னையில ஒரு ஆஸ்பத்திரி வந்துச்சு, தெரியுமா மக்களே? இன்னைக்கு அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழைய ஆளுங்களுக்கு 'கோஷா ஆஸ்பத்திரி'.

3/ ஆரம்பிச்சவங்க மேரி ஷார்லீப். வக்கீல் கணவரோட சென்னைக்கு வந்தவங்க. ஆண் டாக்டர்கிட்ட காட்டக்கூடாதுன்னே பிரசவத்துல பெண்கள் சாகுறதைப் பார்த்தாங்க. 1875ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தாங்க, கூட இன்னும் 3 பெண்கள். 1878ல பாஸ்.

4/ அப்புறம் லண்டன்ல மேல்படிப்பு. 1883ல விக்டோரியா ராணியைப் பார்த்து இங்கத்த நிலைமையைச் சொன்னாங்க. 1885ல நுங்கம்பாக்கத்துல ஆஸ்பத்திரி தொடங்குச்சு. பேரு, 'சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரி'.

5/ ஆமா, பேருலயே சாதி! 'சாதிப் பெண்கள்'னா சாதி இந்துப் பெண்கள், 'கோஷா'ன்னா பர்தா முறையில இருந்த பெண்கள். பாதிக் கதவுதான் திறந்துச்சு. அதையும் மறைக்காம சொல்லணும்.

6/ 1890ல சேப்பாக்கத்துக்கு மாறுச்சு. நிலம் அரசு கொடுத்தது. கட்டடத்துக்கு வெங்கடகிரி ராஜா 1 லட்சம் ரூபாய். பேரு ராணியோடது, காசு நம்ம பக்கத்துது!

7/ கப்பல் கட்டுற ஊரான பெல்ஃபாஸ்ட்லயும் ஒரு ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரி, 1903ல திறந்தது. அங்க நிதி திரட்டுனது, பின்னாடி டைட்டானிக் கட்டின கம்பெனியோட தலைவர் பிர்ரியும் அவர் மனைவியும். பெரிய விசிறி வச்சு காத்தை உள்ள இழுத்து, ஈரமான தென்னைநார்க் கயிறு வழியா வடிகட்டி வார்டுக்கு அனுப்பினாங்க!

8/ அங்க சுத்தமான காத்து உள்ள வர வழி செஞ்சாங்க. இங்க பெண்கள் உள்ள வர வழி செஞ்சாங்க. என்னைக் கேட்டா ரெண்டுமே வைத்தியம்தான்.

9/ இன்னைக்கு அரசு ஆஸ்பத்திரி வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கு. கூச்சம்தான் இன்னும் மிச்சம். தீக்காயம் பட்டா உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். எந்த இடத்துல காயம்னாலும் வாங்க. "ஒரு நர்ஸ் அக்கா கூட இருக்கணும்"னு தைரியமா கேளுங்க. கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.