ஊசி முனையில் எழுத்து: தொடக்ககால அமெரிக்காவில் சிறுமியரின் தையற்கல்வி

பிளிமத் நகரின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் நாடா போல் நீண்டு குறுகிய லினன் துணி ஒன்று இருக்கிறது. பிளிமத் குடியேற்றத்தின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷின் மகள் லோரா 1653 வாக்கில் தைத்தது. அமெரிக்க மண்ணில் தைத்து இன்றுவரை எஞ்சியுள்ள சாம்ப்ளர்களில், அதாவது தையல் மாதிரித் துணிகளில், இதுவே மிகப் பழையது என்பர். வரிவரியாகப் பூவேலை, அடியில் பெயரும் ஒரு வேண்டுதல் பாட்டும். அக்காலச் சாம்ப்ளர் சுவரில் மாட்டுவதற்கானதன்று. சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, வேலைப்பாடு மறந்தால் விரித்துப் பார்த்துக்கொள்ளும் கையேடு அது.

பதினெட்டாம் நூற்றாண்டில் துணி ஏறக்குறையச் சதுரமானது. நெடுங்கணக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. காரணம் எளிது. துவைக்கப் போடும் விரிப்பிலும் துவாலையிலும் வீட்டாரின் முதலெழுத்தையும் வரிசை எண்ணையும் கிராஸ் ஸ்டிச்சில் குறிக்க வேண்டும். ஆனால் விஷயம் சலவையோடு முடியவில்லை. பிள்ளைகள் வாசிக்கக் கற்க வேண்டுமென்று மாசசூசெட்ஸ் 1642இலேயே சட்டம் இயற்றியது. எழுதக் கற்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. பையனுக்கு வாசிப்பும் எழுத்தும், பெண்ணுக்கு வாசிப்பும் தையலும் என்பதே நடைமுறை என்று ஜெனிபர் மோனகனின் ஆய்வு காட்டுகிறது. ஆகவே பல சிறுமியர் தம் கையால் உருவாக்கிய முதல் எழுத்து மையால் ஆனதன்று, நூலால் ஆனது. சாம்ப்ளரை அலங்காரப் பொருள் என்று மட்டும் அட்டவணைப்படுத்துவது இதனாலேயே எனக்கு உடன்பாடில்லை. இழை எண்ணி 'ஏ' தைத்தவளுக்குக் கடிதம் எழுத வந்துவிடும் என்பதில்லை, அதுவும் உண்மை. பழைய துணிகள் பலவற்றில் 'ஜே'யும் 'யூ'வும் கிடையா. தைத்தவள் மறந்துவிடவில்லை, அன்றைய நெடுங்கணக்கில் அவை 'ஐ'க்கும் 'வி'க்கும் உள்ளேயே அடங்கியிருந்தன.

விடுதலைப் போருக்குப் பிறகு பெண்கள் பள்ளிகள் பெருகின. பிராவிடன்ஸில் மேரி பால்ச் 1785இல் தொடங்கிய பள்ளியின் துணிகளில் ஊரின் பொதுக்கட்டடங்களே எழுந்து நின்றன. வீட்டுக் கூடத்தில் மாட்டிய அத்துணி பள்ளிக்கு விளம்பரமும்கூட. எளிமையை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்கள் 1799இல் பென்சில்வேனியாவில் திறந்த வெஸ்ட்டவுன் பள்ளி நேரெதிர்: பகட்டில்லாத எழுத்து, கிழிசலை இழையோட்டி மூடும் பயிற்சி. அங்கேயே மாணவியர் பட்டில் பூகோள உருண்டையும் தைத்து அட்சரேகையை விரலால் படித்தனர். பால்டிமோரில் கறுப்பினக் கன்னியர் 1828இல் தொடங்கிய பள்ளியின் சாம்ப்ளர்களும் எஞ்சியுள்ளன.

1830களுக்குப் பின் சாம்ப்ளர் தைக்கும் வழக்கத்தின் வேகம் தணிந்தது. எம்மா வில்லர்ட் 1821இலேயே ட்ராய் நகரில் பெண்களுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். துணியில் குறியிட அழியாத மையும் கடைக்கு வந்துவிட்டது.

எஞ்சிய துணிகளை அருகில் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் நூலே இல்லை, ஊசி போன துளைகள் மட்டும். இரும்பு சேர்த்துச் சாயமேற்றிய கரும்பட்டு தானே அரித்து உதிர்ந்திருக்கும். வேறு சிலவற்றில் உதிர்ந்தது பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் மட்டுமே. அது சாயத்தின் வேலையன்று. வயதை மறைக்க நினைத்தவள் பின்னாளில் பிரித்தெடுத்தது. இதற்கு மாறான கதையும் உண்டு. 1794க்கு முன் மணம் செய்த விடுதலைப் போர் வீரரின் விதவைக்கு 1838ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியம் தந்தது. திருமண நாளுக்குச் சான்று கேட்டார்கள். பைபிளின் குடும்பப் பக்கத்தைக் கிழித்து அனுப்பியவர்கள் பலர்; குடும்ப விவரம் தைத்த சாம்ப்ளரையே சட்டகத்திலிருந்து கழற்றி அனுப்பியவர்களும் இருந்தனர். அவற்றுள் சில இன்றும் வாஷிங்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், விண்ணப்பத் தாள்களின் கூட்டத்தில் இருக்கின்றன.