வெயிலைத் தேடிப் போனவர்கள்

வெயில் என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கு எரிச்சல்தான். சித்திரை பிறந்ததும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் அந்த வெயிலுக்காகவே சொந்த நாட்டை விட்டு, பெட்டி படுக்கையோடு அயல்நாட்டுக்குப் போய்க் குடியிருந்தவர்களும் உண்டு. 18, 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள்தான் அவர்கள்.

அவர்கள் தேடிப்போனது பிரான்சின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலை ஒட்டியிருக்கும் ரிவியேரா கடற்கரை. நீஸ், கான், மென்டன் ஆகிய ஊர்கள் அங்கேதான் உள்ளன. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை ஆல்ப்ஸ் மலை தடுத்துவிடுகிறது. அதனால் லண்டன் மூடுபனியில் கிடக்கும் ஜனவரி மாதத்திலும் மென்டன் தோட்டங்களில் எலுமிச்சை காய்த்துத் தொங்கும்!

இன்று ரிவியேரா என்றால் உல்லாசம். ஆனால் அந்த உல்லாசம் பிறந்தது மரண பயத்தில் என்பது பலருக்கும் தெரியாத விஷயம்.

திட்டியே புகழ் சேர்த்தவர்

டோபியாஸ் ஸ்மாலெட் ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவர், நாவலாசிரியர். 1763-இல் அவருடைய ஒரே மகள் 15 வயதில் இறந்துபோனாள். அவருக்கும் நெஞ்சுக் கோளாறு இருந்தது. மனைவியை அழைத்துக்கொண்டு புறப்பட்டவர் அந்த ஆண்டின் இறுதியில் நீஸ் வந்து சேர்ந்தார். அப்போது நீஸ் பிரான்சில் இல்லை, சார்டினியா அரசின் கீழ் இருந்தது.

தினமும் தட்பவெப்பத்தைக் குறித்து வைத்தார். 1764 மே மாதம் கடலில் இறங்கிக் குளிக்க ஆரம்பித்தார். நெஞ்சு நோயாளி கடலில் குளிப்பதைப் பார்த்து ஊரே வியந்தது. அவருக்கோ உடம்பு தேறியது. 1766-இல் தன் பயண அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஈ, கொசு, அழுக்கு, உள்ளூர்வாசிகள் என்று எதையும் அவர் திட்டாமல் விடவில்லை. ஆனால் வாசகர்கள் மனதில் தங்கியது, நடுக்குளிர்காலத்திலும் அங்கே பூக்கள் பூக்கும் என்ற செய்திதான். ஆங்கிலேயர்கள் வரத் தொடங்கினார்கள்.

பனியில் பிறந்த சாலை

நீஸ் கடற்கரையில் இருக்கும் புகழ்பெற்ற சாலையின் பெயர் 'ஆங்கிலேயர் உலாச்சாலை'. அதன் கதை 1820-21 குளிர்காலத்தில் தொடங்குகிறது. அந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர். ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேலை இழந்தவர்கள் தெருவில் கையேந்தினார்கள். லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் நாட்டவரிடம் பணம் திரட்டி, ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, கடலோரமாக ஒரு நடைபாதை போடச் செய்தார். ஏழைகளுக்குச் சோறு, பணக்காரர்களுக்கு மாலை நேரத்தில் உலாவ ஒரு பாதை!

கான் நகரம் வளர்ந்தது ஒரு தற்செயல். 1834-இல் இங்கிலாந்தின் முன்னாள் லார்ட் சான்சலர் புரூம் பிரபு, நோயாளி மகளுடன் இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரான்சில் காலரா பரவியதால் எல்லையை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கான் என்ற சிறிய மீன்பிடி ஊரில் தங்கினார். ஊர் பிடித்துப்போய் நிலம் வாங்கி, மகளின் பெயரிலேயே மாளிகை கட்டினார். அந்த மகள் 1839-இல் இறந்துவிட்டாள். ஆனாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை. 1868-இல் கானிலேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவரைப் பின்பற்றி ஆங்கிலப் பிரபுக்கள் வரிசையாக அங்கே மாளிகை கட்டினார்கள்.

பிழைத்தவரும் பிழைக்காதவர்களும்

காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. 1859-இல் ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் கிட்டத்தட்ட சாவதற்காகவே மென்டன் வந்தார். ஆச்சரியம், பிழைத்துக்கொண்டார்! 1861-இல் அந்த ஊரின் தட்பவெப்பத்தைப் புகழ்ந்து புத்தகம் எழுதினார். 1864-இல் ரயில் நீஸ் வரை வந்துவிட்டது. நோயாளிகள் கூட்டம் பெருகியது.

ஆனால் எல்லோரும் பென்னட் ஆகவில்லை. ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலாய் 1865-இல் நீஸில் 21 வயதில் இறந்தார். ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898-இல் மென்டனில் இறந்தபோது வயது 25. காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882-இல் ராபர்ட் கோக் அறிவித்தார். அதாவது, பிழைக்க வந்தவர்கள் ஒரே விடுதியில் நெருங்கி வாழ்ந்து ஒருவருக்கொருவர் நோயைப் பரப்பியிருக்கவும் கூடும். வெயில் இதம் தந்தது, குணம் தரவில்லை.

இந்த முரண்பாட்டை விக்டோரியா மகாராணியிடமும் காணலாம். 1882-இல் முதன்முதலாக மென்டன் வந்தார். 1884-இல் அவருடைய கடைசி மகன் லியோபோல்ட் கானில் கீழே விழுந்து இறந்தார். மகனைப் பறித்த கடற்கரையை அவர் வெறுக்கவில்லை. 1895 முதல் 1899 வரை ஐந்து ஆண்டுகளும் வசந்த காலத்தில் நீஸின் சிமியே பகுதிக்கு வந்தார். கழுதை வண்டியில் உலாப் போனார். அவருடைய இந்தியச் செயலாளர் அப்துல் கரீமும் அங்கே உடன் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

சுகம் யாருக்கு?

அயல்நாட்டில் வாழ்ந்தாலும் இவர்கள் இங்கிலாந்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். தங்களுக்கென்று தேவாலயம், நூலகம், மருந்துக்கடை, டென்னிஸ் மைதானம்! உள்ளூர் மொழி தெரியாமலே குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். வெயிலும் வேண்டும், ஆனால் முகம் கறுக்கக் கூடாது. ஆகவே பெண்கள் குடை பிடித்து நடந்தார்கள்.

கோடை தொடங்கும் முன்பே எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். விடுதிகள் பூட்டப்படும். சமையல்காரர், சலவைக்காரி, வண்டியோட்டி எல்லோருக்கும் வேலை போகும். மாளிகைகளைக் கட்டியவர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலிகள். அவர்களும் அயல்நாட்டில் வாழ்ந்தவர்கள்தான். அவர்களுக்கு அந்த வெயில் சுகமாக இருந்திருக்குமா?

1920-களில் காட்சி மாறியது. 1923-இல் ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி, ஆன்டீப் முனையில் ஒரு விடுதியைக் கோடையிலும் திறந்து வைக்கச் செய்தார்கள். கறுத்த மேனி நாகரிகமானது. 1936-இல் பிரெஞ்சு அரசு தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை அளித்தது. கடலையே பார்த்திராத பல தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரைகளுக்கு வந்தன. 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயாளிகளுக்கு வெயிலால் செய்ய முடியாததைச் செய்தது.

2021-இல் யுனெஸ்கோ நீஸ் நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குளிர்கால விருந்தாளிகளால் வளர்ந்த நகரம் என்பதே காரணம்.

வெயில் அங்கே என்றும் இருந்தது. மீனவரும் எலுமிச்சை விவசாயியும் அதை இலவசமாகவே அனுபவித்தார்கள். அதற்கு 'சுகவாசம்' என்று பெயர் வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அந்தச் சுகத்துக்கு வெயில் மட்டும் போதவில்லை. உழைக்காமல் வரும் வருமானமும், நினைத்தபோது ஊர் திரும்பும் வசதியும், பணிவிடை செய்ய ஆட்களும் தேவைப்பட்டன. ஆயினும் அவர்களில் பலர் உயிருக்குப் பயந்து ஓடிவந்த பாவப்பட்டவர்கள் என்பதையும் மறந்துவிட முடியாது. இன்று உலகமே ஆசைப்படும் கடற்கரை விடுமுறைக்கு, ஒரு காலத்தில் இருமிக்கொண்டே வெயிலில் உட்கார்ந்திருந்த அந்த நோயாளிகளும் வழி போட்டிருக்கிறார்கள்.