மீன் தொட்டிச் செடிகளுக்கு எந்த இரும்பு உரம்? தேர்வு செய்யும் முறை

மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி கடற்கரையில் கிடக்கும் கருமணலில் இல்மனைட் என்ற தாது உள்ளது. இது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தது. இரும்புச் சத்து கிடைக்கும் என்று எண்ணி இந்த மணலை மீன் தொட்டியில் போட்டால் பயன் இல்லை. இல்மனைட் தண்ணீரில் கரையாது. கரையாத இரும்பைச் செடியால் எடுக்க முடியாது. மேலும் இந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும். எனவே இதை வீட்டுக்கு அள்ளி வர வேண்டாம்.

கடற்கரையின் வெள்ளை மணலும் ஏற்றதல்ல. அதிலுள்ள சிப்பித் துகள்கள் மெல்லக் கரைந்து தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும். கார நீரில், நீங்கள் இடும் இரும்பும் துருவாகப் படிந்துவிடும். மணலில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணலைத் தவிர்க்கவும்.

குறைபாட்டை அறிதல்

இரும்பு, செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது. ஆகவே பற்றாக்குறை முதலில் குருத்திலும் இளம் இலையிலும் தெரியும். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளிறும். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்து, சாம்பல் சத்து அல்லது மக்னீசியம் குறைவாக இருக்கலாம். அதற்கு இரும்பு இட்டால் பாசிதான் பெருகும்.

தண்ணீருக்கு ஏற்ற இரும்பு

உரம் வாங்கும் முன் தொட்டி நீரின் பி.எச். அளவைச் சோதிக்கவும். கிணற்று நீரை நேரடியாக ஊற்றுவோர் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

• அன்னபேதி உப்பு: விலை குறைவு. ஆனால் தொட்டி நீரில் விரைவில் துருவாக மாறிவிடும். தவிர்க்கலாம்.
• இ.டி.டி.ஏ. செலேட்: சுமார் 12 சதவீத இரும்பு கொண்டது. பி.எச். 6.5-க்குக் கீழ் உள்ள நீருக்கு ஏற்றது.
• டி.டி.பி.ஏ. செலேட்: சுமார் 11 சதவீத இரும்பு கொண்டது. பி.எச். 7.5 வரை நிலைத்து நிற்கும். பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு இதுவே பொருத்தம்.
• இ.டி.டி.எச்.ஏ. செலேட்: அதிகக் கார நீரிலும் நிலைக்கும். ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கும்.

அளவு

10 கிராம் டி.டி.பி.ஏ. தூளை 1 லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, வெளிச்சம் படாத பாட்டிலில் வைக்கவும். இதில் 9 மி.லி. எடுத்து 100 லிட்டர் தொட்டியில் விட்டால், லிட்டருக்கு 0.1 மி.கி. இரும்பு கிடைக்கும். முதல் இரண்டு வாரம் வாரம் ஒருமுறை பாதி அளவு மட்டும் கொடுக்கவும். வெளுத்த இலை மீண்டும் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக வரும் இலையின் நிறத்தைப் பார்த்தே அளவைக் கூட்டவும். மணிச்சத்தும் இரும்பும் ஒன்றுசேர்ந்து படியும் என்பதால் இரண்டையும் வெவ்வேறு நாளில் இடவும்.

தாமிரத்தில் கவனம்

மாங்கனீசு, துத்தநாகம், போரான், மாலிப்டினம், தாமிரம் ஆகிய நுண்ணூட்டங்களும் நீர்த்தாவரங்களுக்கு மிகச் சிறிதளவு தேவை. ஆனால் வயலுக்கான நுண்ணூட்டக் கலவைகள் பலவற்றில் தாமிர சல்பேட் இருக்கும். தொட்டியில் தாமிரம் சற்றுக் கூடினாலும் இறாலும் நத்தையும் இறந்துவிடும், மீன்களும் பாதிக்கப்படும். எனவே பையில் அச்சிட்ட சத்து அளவைப் படித்து, தாமிரம் இல்லாததையோ மிகக் குறைவாக உள்ளதையோ தேர்வு செய்யவும். தோப்புக்கு வாங்கிய தென்னை டானிக் மீதம் இருந்தாலும் தொட்டியில் ஊற்றக் கூடாது. அது தென்னை வேருக்காகத் தயாரிக்கப்பட்டது.

வேரால் உண்ணும் செடிகளுக்கு

ஆம்பல், கிரிப்டோகொரைன் போன்றவை அடிமண்ணிலிருந்து அதிகம் உணவு எடுப்பவை. இவற்றுக்கு உரம் கலக்காத களிப்பான செம்மண்ணை நெல்லிக்காய் அளவு உருண்டையாக்கி, நன்கு காயவைத்து, வேருக்கு அருகே ஆழமாகப் புதைக்கலாம். நீர் தேங்கிய நெல் வயலில் காற்று புகாததால் மண்ணின் இரும்பு கரையும் வடிவுக்கு மாறுவதை நாஞ்சில் நாட்டு விவசாயிகள் அறிவர். தொட்டியின் அடிமண்ணிலும் அதுவே நடக்கிறது. உருண்டை மேலே தெரிந்தால் தண்ணீர் கலங்கும்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி வந்தால், மிஞ்சிய உரம் சேராது. உரம் இட்ட பின் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கினாலோ, இறால் சோர்ந்தாலோ உடனே பாதி நீரை மாற்றி, உரம் இடுவதை நிறுத்தவும்.