அசோகர் கண்ட கனிவு

தில்லியில் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு மேலே ஒற்றைக்கல் தூண் ஒன்று நிற்கின்றது. தலைநகரில் குடியேறிய தமிழர் பலர் அதனை வழிப்போக்கில் கண்டிருப்பர். தூண் அவ்விடத்துக்கு உரியதன்று. இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா என்னும் ஊரில் அசோகர் காலத்துத் தூணாக நின்றதனைப் பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் பெயர்த்துக் கொணர்ந்தார். சாயும்போது முறியாதிருக்க இலவம்பஞ்சைக் குவித்து அதன்மேல் மெல்லக் கிடத்தினர் என்றும், 42 சக்கரங்கள் பூண்ட வண்டியில் ஏற்றி யமுனைக் கரை சேர்த்தனர் என்றும் வரலாற்றாசிரியர் அபீஃப் எழுதுகிறார். அதில் பொறித்திருந்ததைப் படித்துச் சொல்லத்தான் அன்று ஆளில்லை. அவ்வெழுத்தின் மர்மம் 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப்பினால் விடுபட்டது.

அசோகர் முடிசூடி 27 ஆண்டுகள் கழிந்தபின் வெட்டுவித்த ஏழாம் சாசனம் இத்தூணில் இருக்கிறது. அறத்தின் வளர்ச்சி எவற்றால் புலப்படும் என்று கூறுமிடத்தில் தயை, ஈகை, வாய்மை, தூய்மை ஆகியவற்றை அடுத்து ‘மதவ’ என்றொரு பிராகிருதச் சொல் வருகிறது. வடமொழியில் அது மார்தவம். ‘மிருது’ என்பதன் வழிப் பிறந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் இச்சொல்லை எளிதில் கடந்துவிட இயலாது. மென்மை என்றால் வலிவின்மையோ என்ற ஐயம் எழும். இரக்கம் என்றாலோ தயையோடு கலந்துவிடும். ‘கனிவு’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. காயாக இருந்தது காலத்தால் பக்குவப்பட்டது என்ற குறிப்பும் அதனுள் அடங்கியிருக்கிறதல்லவா?

அசோகரிடத்தில் அது காலத்தால் வந்ததுதான். முடிசூடிய எட்டாண்டுகளில் அவர் கலிங்கத்தை வென்றார். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மடிந்தனர் என்று தம் துயரத்தை அவரே பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் பதிந்துள்ளார். ஆனால் கலிங்க நாட்டுத் தவுளியிலும் ஜௌகடாவிலும் அச்சாசனம் இல்லை! அங்கே அவர் பொறித்தது வேறு; தம் அதிகாரிகளுக்கு இட்ட கட்டளை. குடிமக்கள் காரணமின்றிச் சிறைப்படுதலும் துன்புறுதலும் நேராதிருக்க, அதிகாரி எவற்றை விலக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பொறாமை, சினம், கொடுமை ஆகியவை அதில் இருப்பதில் வியப்பில்லை. அவற்றோடு பதற்றம், பயிற்சியின்மை, சோம்பல், களைப்பு ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறார். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த எவரும் இதைப் படித்துச் சற்றே தலைகுனியாதிருக்க முடியாது. தீய எண்ணம் சிறிதும் இல்லாதவரும் களைத்த வேளையில் கடுமை கொள்கிறார். மனு நீட்டியவருக்கு அது கொடுமையாகவே முடிகிறது.

ஆகவே கனிவு பிறவிக்குணமென்று அவர் விட்டுவிடவில்லை. பழக்கத்தால் பெறத்தக்கதென்றே கருதினார். மனிதன் தான் செய்த நன்மையையே காண்கிறான், தீமையைக் காண்பதில்லை, அவ்வாறு காண்பது அரிது என்று இத்தூணின் மூன்றாம் சாசனம் உரைக்கிறது. மீண்டும் ஏழாம் சாசனத்தில், அறம் வளர்வது விதிகளால் சிறிதே, உள்ளத்தில் ஆய்ந்து தெளிவதாலேயே மிகுதி என்கிறார். ஆணையிடும் அதிகாரம் முழுவதும் தம் கையில் இருந்தும் ஒரு பேரரசர் இவ்வாறு எழுதினார் என்பது எண்ணத்தக்கது.

அவர் கனிவுக்கும் எல்லை இருந்தது. கலிங்கத்தைத் திருப்பி அளிக்கவில்லை. காடுவாழ் மக்களுக்கு, தம் வலிமையையும் நினைவூட்டி எச்சரித்தார். மரண தண்டனையை நீக்கவுமில்லை. தண்டனை விதிக்கப்பட்டவர்க்கு மூன்று நாள் தவணை மட்டும் அளித்தார் என்று நான்காம் சாசனம் தெரிவிக்கிறது. அந்நாட்களுக்குள் உறவினர் உயிர்ப்பிச்சை வேண்டி முறையிடலாம். முறையிட எவரும் இல்லாதவர் தானமும் நோன்பும் இயற்றி மறுமைக்கு ஆயத்தமாகலாம்.