மெல்லப் புறப்பட்ட தேர்

முதற்பக்கங்கள் சுவைக்கவில்லையெனில் நூலை மூடிவைத்துவிடுவது படிப்போர் பலரின் வழக்கம். அவ்வழக்கத்தால் இழக்க நேரும் நூல்களுள் ஒன்று, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இயற்றிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் மாயக் கற்பனைப் புதினமாகும்.

1937 செப்டம்பரில் வெளிவந்த ‘தி ஹாபிட்’ என்னும் சிறுவர் கதை நல்ல வரவேற்பைப் பெற்றது. பதிப்பாளர் அதன் தொடர்ச்சியை வேண்டவே, அவ்வாண்டு டிசம்பரில் டோல்கீன் எழுதத் தொடங்கினார். ஆயினும், கதை செல்லும் வழி அவருக்கே புலப்படவில்லை. தொடக்க அதிகாரத்தைப் பன்முறை மாற்றி எழுதினார். இறுதியில் அரசனாக முடிசூடும் அரகார்ன், முதற்படிகளில் மரக்காலணி அணிந்த ஒரு ஹாபிட்டாகவே இருந்தான். மோரியாச் சுரங்கத்துக் கல்லறைக் காட்சியை எட்டியதும் எழுத்துப்பணி ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோனதாக ஆசிரியரே பின்னாளைய முன்னுரையில் கூறுகின்றார். 1944இல், விமானப் படையிலிருந்த மகன் கிறிஸ்டோபருக்குப் புதிய அதிகாரங்களைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். 1949இல் கதை முற்றுப்பெற்றது. நட்டம் நேரக்கூடும் என்று அறிந்தே பதிப்பகம் அதனை ஏற்று, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது.

ஆசிரியர் வழிதேடிய காலத்தின் சுவடு கதையின் தொடக்கத்திலும் காணப்படுகின்றது. ஹாபிட்டுகள் எனப்படும் குள்ள மாந்தரின் பழக்கவழக்கங்கள், ஒருவரின் 111ஆம் பிறந்தநாள் விருந்து, உறவினர் வம்பு, பரிசுப் பொருள்கள் எனப் பக்கங்கள் நீளுகின்றன. மோதிரத்தைப் பெற்ற பிராடோ ஊரைவிட்டுப் புறப்படுவதற்குள் கதையில் 17 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. கருங்குதிரை வீரர்கள் தோன்றிய பின்னரே அச்சம் பிறக்கின்றது. ரிவண்டெல் அவையில் மோதிரத்தை அழிக்கும் பொறுப்பைப் பிராடோ ஏற்றதும் கதை பெருநதியாய்ப் பாய்கின்றது.

அங்ஙனமாயின் அத்தொடக்கம் வெறும் குறைதானா? முடிவு அதற்கு விடை பகர்கின்றது. போர் முடிந்து தோழர்கள் ஊர் திரும்பும்போது, அன்று விளக்குகளைக் கிளைகளில் தாங்கி விருந்துக்கு நடுவே நின்ற மரம் வெட்டுண்டு கிடக்கின்றது. அதனைக் கண்ட சாம் கதறி அழுகின்றான். அவ்விருந்தைப் பொறுமையோடு படித்தவர்க்கே அக்கண்ணீரின் பொருள் முழுமையாக விளங்கும். அப்பக்கங்களைத் தள்ளிச் சென்றவர்க்கு அது வெறும் மரமே.

மெல்லத் தொடங்கும் நூல்கள் அனைத்தும் இத்தகையன அல்ல. எனினும், தொடக்கத்தில் ஊன்றியது முடிவில் பயன் தருகின்றதா என்று கண்ட பின்னரே தீர்ப்புக் கூறுதல் நல்லாசிரியர்க்கும் மாணவர்க்கும் அழகாகும்.